நாலாவது மூலை

முன்னொரு காலத்துல, அது எந்தக் காலம்னா கோதுமைப் பயிர் ஆள் மறையுற உசரத்துக்கு வளர்ந்த காலம், குருவி வாயைத் திறந்தா பேச்சு வந்த காலம், அந்தக் காலத்துல சாரோவான்னு ஒரு நாடு இருந்துச்சு. மேக்க மலை, தெக்க உப்பு ஏரி, நடுவுல வயல். அந்த நாட்டுல பெரிய பணக்காரனைக் காட்டுன்னா ராஜாவைத்தான் காட்டணும், வேற ஆள் கிடையாது. ஆனா பட்டினியாப் படுத்தவன் ஒருத்தனைக் காட்டுன்னா சத்தியமா காட்ட முடியாது! எப்படின்னு கேக்குறீங்களா? சொல்றேன், அவசரப்படாதீங்க.

அந்த நாட்டுல ஒரு வழக்கம் உண்டு. அறுப்பு அறுத்தா வயலோட நாலு மூலையையும் அறுக்க மாட்டாங்க. ஒவ்வொரு மூலையிலயும் ஒரு வண்டி நிக்கிற அளவுக்குக் கதிரை அப்படியே விட்டுடுவாங்க. அதுக்குப் பேரு மூலைக்கதிர். இல்லாதவங்க, புருஷனை இழந்தவங்க, வழிப்போக்கங்க, குருவி, எறும்பு எல்லாருக்கும் அது சொந்தம். அறுப்பு முடிஞ்ச மறுநாள்லேருந்து ஒரு நாளைக்கு ஒரு மூலை. வயல்காரன் காலையில வந்து, "ஆண்டவர் எனக்குக் கொடுத்தார், அவர் பிள்ளைங்க எடுத்துக்கட்டும்"னு சத்தமாச் சொல்லணும். சொன்ன உடனே முதுகைக் காட்டிட்டு விறுவிறுன்னு வீட்டுக்குப் போயிடணும். சுத்தி இருக்கிறவங்களும் அப்படித்தான். திரும்பிப் பாக்கவே கூடாது! எடுக்கிறவங்களுக்குக் கூச்சமா இருக்கும்ல, அதுக்காக.

அங்க ஒரு ஊர்ல அசரேல்னு ஒரு உழவன் இருந்தான். பாட்டுக்காரன். அவன் பாடினா மாடு தானா ஏர் இழுக்கும். மூக்கு மட்டும் கொஞ்சம் நீளம். அசரேல் தெருமுனை திரும்புறதுக்கு முன்னாடி அவன் மூக்கு திரும்பிடும்னு ஊரே கிண்டல் பண்ணும். அவன் பொண்டாட்டி தீர்சாள். கெட்டிக்காரி, வாய்க்காரி, அவன் மேல உசிரையே வச்சிருந்தவ. அப்ப அவ மாசமா இருந்தா.

அவங்களுக்கு ஒரு வயல், ஒரு திராட்சைத்தோட்டம். முந்தின வருஷம் ஆலங்கட்டி மழை பெஞ்சு தோட்டம் மொத்தமும் நாசமாப் போச்சு. அன்னைலேருந்து அசரேல் மனசுல ஒரு பயம் பூந்துக்கிச்சு. 'பிள்ளை வரப்போகுது, நான் அதுக்கு என்னத்தை வைக்கப் போறேன்? ஆண்டவர் எல்லாரையும் ஆசீர்வதிக்கிறார், என்னை மட்டும் மறந்துட்டாரோ?' இதே நெனப்பு அவனுக்கு. பாட்டும் கொறஞ்சு போச்சு.

அந்த வருஷம் அறுப்பு முடிஞ்சுது. முதல் மூலைக்கு வந்தான், சொல்ல வேண்டியதைச் சொன்னான், முதுகைக் காட்டினான், நடந்தான். நடந்தவன் வரப்பு முடியுற இடத்துல நின்னான். நின்னவன், ஐயோ, திரும்பிப் பாத்துட்டான்!

என்ன பாத்தான்? மில்காள்னு ஒரு விதவை, சின்னப் பொண்ணை வச்சுக்கிட்டு கஷ்டப்படுறவ, மடி நிறையக் கதிரைக் கட்டிக்கிட்டு இருந்தா. 'அடேயப்பா, இவ்வளவா? இது என் கதிருல்ல!' அப்படின்னு அவன் வயிறு எரிஞ்சுது பாருங்க, அந்த நொடியில பக்கத்துல ஒரு குரல்.

"சமாதானம் மகனே!"

திரும்பினா ஒரு பெரியவர். தும்பைப்பூ மாதிரி வெள்ளை அங்கி, கையில வெள்ளிப்பூண் போட்ட கோல், வாயில தேன் வடியுது. ஆனா அவன் பெரியவனும் இல்ல, நல்லவனும் இல்ல. சல்மூத்துங்கிற சூனியக்காரன்! அசரேலுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா போதும்.

"மகனே, ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கத்தான் நினைக்கிறார். நீதான் ஆசீர்வாதத்தை மூலை மூலையா வாரி விட்டுக்கிட்டு இருக்க" அப்படின்னு சல்மூத் அங்கிக்குள்ளேருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். கருங்காலி மரத்துல செஞ்சது. சுத்திலும் முகம் முகமாச் செதுக்கியிருந்துச்சு. "இது ஆசீர்வாதப் பெட்டி. மூலைக்கதிரைக் கட்டி உன் கையால இதுக்குள்ள போடு. நாலு மூலையும் போட்டேன்னா ராஜாவே உன் வாசல்ல வந்து நிப்பான்."

"பெரியவரே, அது இல்லாதவங்க பங்காச்சே?"

"ஆண்டவருக்குப் பிடிச்சவன்கிட்ட செல்வம் இருக்கும், பிடிக்காதவன்கிட்ட இருக்காது. அவர் கொடுக்காதவங்களுக்கு நீ ஏன் கொடுக்குற?"

பேச்சைப் பாத்தீங்களா? விஷத்தைத் தேன்ல குழைச்சு ஊட்டுறான். அசரேலும் முழுங்கிட்டான். நேரா மூலைக்குப் போனான்.

"மில்கா அக்கா, கதிரைக் கீழ போடுங்க. இனிமே இங்க யாரும் எடுக்கக் கூடாது."

மில்காளுக்கு ஒண்ணுமே புரியல. "என்ன தம்பி இப்படிச் சொல்ற? பொண்ணு அப்பத்துக்குக் காத்துக்கிட்டு..."

"ஆண்டவர் உங்களை ஆசீர்வதிச்சிருந்தா உங்களுக்கே ஒரு வயல் இருந்திருக்கும்ல? போங்க!"

அந்தப் பொம்பளை மடியை அவுத்துக் கதிரைக் கீழ கொட்டிட்டுப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டா.

அசரேல் கதிரை அறுத்துக் கட்டிப் பெட்டிக்கிட்ட வச்சான். கையகலப் பெட்டி வாயைத் திறந்து அவ்வளவு பெரிய கட்டைக் களுக்குன்னு முழுங்குச்சு! முழுங்கிட்டு, "இன்னும்! இன்னும்! இன்னும்!"னு கத்துச்சு. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாத்தா குதிர் வாய் வரைக்கும் கோதுமை! குதிர் ரொம்பித் திண்ணை வாசல் எல்லாம் கோதுமை!

"தீர்சா! தீர்சா! ஆண்டவர் நம்மளைப் பாத்துட்டாரு புள்ள!"னு குதிச்சான். ரெண்டு தடவை குதிச்சான், மூணாவது தடவை குதிக்க முடியல. முழங்காலுக்குக் கீழ உணர்வே இல்ல. "அறுப்பு அறுத்த களைப்பு, கால் மரத்துப்போச்சு"ன்னான். தீர்சாள் குனிஞ்சு காலைத் தட்டிப் பாத்தா. டொக் டொக்னு கேட்டுச்சு. கால் நெசமாவே மரமாயிருந்துச்சு!

"என்னங்க, இந்தப் பெட்டி வேணாங்க. ஆண்டவர் ஒரு கையால கொடுத்து இன்னொரு கையால காலைப் பிடுங்குவாரா?"

"சும்மா இரு. ராஜாவானப்புறம் நடந்தா போகப் போறேன்? பல்லக்குதான்."

ரெண்டாம் நாள். ஊர் மணியக்காரர் கெமுவேல் விடியுறதுக்குள்ள வந்து நின்னாரு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் தூத்துற ஆளு. "அசரேலு, நீ ஆசீர்வதிக்கப்பட்டவன்ப்பா! நீ உக்காரு, மூலையை நான் அறுத்துட்டு வர்றேன்"னு ஓடினாரு. கட்டு வந்துச்சு. அசரேல் கையால பெட்டிக்குள்ள போட்டான். களுக்! "இன்னும்! இன்னும்! இன்னும்!" வீட்டுக்குள்ள பட்டு, வெள்ளி, முத்து, பவளம் எல்லாம் கொட்டுச்சு. இங்க இடுப்பு வரைக்கும் டொக் டொக்.

ஊர் கூடிடுச்சு. அசரேலைப் பாத்து அவங்களும் தங்க வயல் மூலைக்கதிரை அறுத்து வீட்டுல பூட்டிட்டாங்க. "ஆசீர்வாதம்! ஆசீர்வாதம்!"னு ஒரே சத்தம். மரமாப் போன இடுப்பை ஒருத்தன் கண்ணும் பாக்கல, எல்லார் கண்ணும் முத்து மேலயும் பவளத்து மேலயும்தான். மில்காள் தெருவுல போனா ஜனங்க ஒதுங்கி நின்னாங்க. அந்தம்மா என்ன பாவம் பண்ணுச்சோன்னு காதுபடவே பேசினாங்க. பக்திமானுங்களுக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும். வெறும் திருடனுக்குக்கூட வராது. எனக்குச் சொல்லவே ஆத்திரமா வருது.

மூணாம் நாள். கெமுவேல் அறுத்தாரு, அசரேல் போட்டான். களுக்! "இன்னும்! இன்னும்! இன்னும்!" வீடு இருந்த இடத்துல மாளிகை! பளிங்குத் தூணு, தங்கக் கதவு! ஆனா அசரேலுக்குக் கை போச்சு, நெஞ்சு போச்சு, கழுத்து வரைக்கும் டொக் டொக். தலை மட்டும்தான் மிச்சம்.

தீர்சாள் தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. அப்ப சல்மூத் மெதுவா உள்ள வந்தான்.

"அழாதே மகளே. இன்னும் ஒரு மூலைதான் பாக்கி. நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள அதையும் அறுத்துப் போட்டா உன் புருஷன் பழையபடி ஆயிடுவான். இல்லேன்னா கடைசி வரைக்கும் மரம்தான். அவன் கை போயிடுச்சு, பரவாயில்ல. பொண்டாட்டி கை போட்டாலும் செல்லும்." அதோட வெளிய வந்து ஊராருக்கும் ஒரு தூண்டில் போட்டான்: "நாலாவது கட்டு உள்ள போகட்டும், உங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி!" கேக்கணுமா? கெமுவேல் தலைமையில ஊரே அரிவாளோட போய் நாலாவது மூலையைக் காவல் காக்க உக்காந்துடுச்சு.

நாலாம் நாள் காலையில தீர்சாள் அரிவாளை எடுத்துக்கிட்டுக் கெளம்பினா. புருஷன் பொழைச்சா போதும்னு அவளுக்கு. அவ நெலமையில நீங்க இருந்தாலும் அதைத்தான் செய்வீங்க. பெட்டியையும் இடுப்புல வச்சுக்கிட்டா. வாசலைத் தாண்டுறதுக்குள்ள ஒரு குருவி படபடன்னு வந்து பெட்டி மேலயே உக்காந்துச்சு.

"அம்மாடி, அம்மாடி, அம்மாடி! அறுக்காதே!"

"போ குருவி, எனக்கு நேரமில்ல."

"எனக்கு மட்டும் நேரமிருக்கா? மூணு நாளா மூலைக்கதிர் இல்லாம என் வயிறு ஒட்டிப்போச்சு. முதல்ல இந்தப் பெட்டியில இருக்கிற முகத்தையெல்லாம் பாரு. கடைசி முகத்தைப் பாரு!"

தீர்சாள் பாத்தா. தாடிக்காரன் ஒருத்தன், கிரீடம் வச்ச ஒருத்தன், மூக்குத்தி போட்ட ஒரு பொம்பளை. எல்லா முகமும் வாயைத் திறந்தபடி இருந்துச்சு. ஓரத்துல ஒரு முகம் பாதிதான் செதுக்கியிருந்துச்சு. கண்ணு இல்ல, வாய் இல்ல, ஆனா மூக்கு இருந்துச்சு. அந்த மூக்கு! அந்த மூக்கு உலகத்துலயே ஒருத்தருக்குத்தான் உண்டு!

"ஐயோ, என் வீட்டுக்காரரு!"

"ஆமாம்மா. இவங்க எல்லாரும் பெட்டிக்குச் சொந்தக்காரங்களா இருந்தவங்க. நாலாவது கட்டு உள்ள போச்சுன்னா உன் புருஷனும் இதுல ஒரு முகம். போகாமப் பொழுது சாஞ்சுதுன்னா முழுசா மரம். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு வழி இருக்கு. பெட்டிக்காரன் மனசாரப் 'போதும்'னு சொல்லணும். சொன்னா பெட்டி ஒடைஞ்சிடும்."

"அவ்வளவுதானா! இது ஒரு பெரிய விஷயமா?"ன்னு தீர்சாள் சிரிச்சுக்கிட்டே உள்ள ஓடினா. "என்னங்க, போதும்னு சொல்லுங்க! சீக்கிரம்!"

அசரேல் வாயைத் திறந்தான். "போ... போ... இன்னும்!"

"நம்ம பிள்ளைக்காகச் சொல்லுங்க!"

"போ... போ... இன்னும்!"

"இப்ப சொல்லப் போறீங்களா இல்லையா? உங்க அப்பன் ஆத்தா உங்களுக்கு இந்த ஒரு வார்த்தை கத்துக்கொடுக்கலையா?"

"போ... போ... இன்னும்!" அவன் கண்ணுலேருந்து தண்ணி ஊத்துது. சொல்லத்தான் நினைக்கிறான். நாக்கு கேக்க மாட்டேங்குது.

தீர்சாள் உக்காந்து யோசிச்சா. இந்த மனுஷன் இதுக்கு முன்னாடி எப்பப் போதும்னு சொன்னாரு? திராட்சை காய்ச்சப்ப சொல்லல. வயல் விளைஞ்சப்ப சொல்லல. சொல்லுவாரு, தினமும் சொல்லுவாரு, சாப்பாட்டுல! தட்டை ரெண்டு கையாலயும் மறைச்சுக்கிட்டு, "போதும் புள்ள, போதும், வயித்துல இடமில்ல"ன்னு கெஞ்சுவாரு. பொன்னை அள்ளிக் கொடுத்தா எவனும் போதும்னு சொல்ல மாட்டான், சோறு போட்டாத்தான் சொல்லுவான். மூணு நாளா இவரு சாப்பிடவே இல்லையே!

துள்ளி எழுந்தா. குதிர்லேருந்து கோதுமையை அள்ளித் திரிகையில போட்டு அரைச்சா. மாவு வரல, மணல் வந்துச்சு! இன்னொரு தடவை அரைச்சா, மறுபடியும் மணல். அவங்க சொந்தக் கோதுமையும் அதோட கலந்து மணலாப் போச்சு. சல்மூத்தோட செல்வத்துல ஒரு அப்பம் சுட வழியில்ல. ஊர்ல நல்ல கோதுமை எல்லார் வீட்லயும் இருந்துச்சே, கேட்டா கொடுத்திருப்பாங்களேன்னு நினைப்பீங்க. ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் வரப்போற பெட்டிக்குப் போடணும்னு வீட்டுக்கதவைப் பூட்டிட்டு வயல்ல உக்காந்திருக்கான்! அவளுக்கு நிக்கிற ஒரே கதிர் அந்த நாலாவது மூலைதான்.

ஓடினா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடினா. வயல்ல கெமுவேலும் ஊர்க்காரங்களும் அரிவாளோட வட்டம் கட்டி நின்னாங்க. தூரத்துல வேலி ஓரமா மில்காளும், அவளை மாதிரி இல்லாதவங்க கொஞ்சப் பேரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. சல்மூத் நடுவுல.

"வா மகளே, அறு!"

தீர்சாள் அறுக்கல. மூலையைப் பாத்து நின்னா, மூச்சை இழுத்து, தொண்டை கிழியக் கத்தினா: "ஆண்டவர் எங்களுக்குக் கொடுத்தார்! அவர் பிள்ளைங்க எடுத்துக்கட்டும்!"

என்ன ஆச்சு தெரியுமா? கெமுவேல் டக்குன்னு முதுகைக் காட்டித் திரும்பிட்டாரு! அவரு மட்டுமா, ஊரே திரும்பிடுச்சு! சின்ன வயசுலேருந்து ஊறின பழக்கம், காதுல அந்த வார்த்தை விழுந்தா கால் தன்னால வீட்டைப் பாத்து நடக்கும். "டேய் நில்லுங்கடா!"ன்னு சல்மூத் கத்துறான். "நிக்கத்தான் பாக்குறோம் பெரியவரே, கால் நிக்க மாட்டேங்குது!"ன்னு கெமுவேல் அழுதுக்கிட்டே போறாரு. சல்மூத்தே மூலைக்குள்ள பாய்ஞ்சான். கொடுத்து முடிஞ்ச மூலையில அவன் கால் படுமா? கொதிக்கிற கல்லுல வச்ச மாதிரி துள்ளிக் குதிச்சான்! பல்லைக் கடிச்சுக்கிட்டு, தீர்சாள் இடுப்புல இருந்த பெட்டியைப் பிடுங்கிக்கிட்டு மாளிகையைப் பாத்து ஓடினான்.

வேலி ஓரத்துல நின்னவங்க வந்து கதிரை எடுக்க ஆரம்பிச்சாங்க. தீர்சாளும் வீட்டுக்குப் போகணும், அதுதான் முறை. ஆனா அவ போகல. மில்காளுக்கு முன்னாடி போய் நின்னு முந்தானையை விரிச்சா.

"அக்கா, இது உங்க கதிர். எனக்கு இதுல பாத்தியதை இல்ல. என் வீட்டுக்காரர் உசிரு போகுது. ஒரு பிடி கொடுப்பீங்களா?"

வயல்காரி தன் வயல்லயே முந்தானை விரிச்சு நிக்கிறா. மில்காள் அவளையே பாத்தா. அப்புறம் தன் மடியிலேருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டா. "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போடுங்க!"ன்னு மத்தவங்களையும் அதட்டினா. நொண்டிக்காரர் ஒரு பிடி, வழிப்போக்கன் ஒரு பிடி, குருவி தன் பங்குக்கு ஒரே ஒரு மணி. முந்தானை ரொம்பிடுச்சு!

எல்லாரும் சேந்தே ஓடினாங்க. ஒருத்தர் கசக்க, ஒருத்தர் புடைக்க, மில்காள் திரிகையைச் சுத்த, தீர்சாள் மாவு பிசைஞ்சு தணல்ல அப்பம் சுட்டா. வாசனை அந்தத் தெரு முழுக்க அடிச்சுது. ஆனா பொழுது மலை உச்சியைத் தொட்டுடுச்சு!

மாளிகைக்குள்ள சல்மூத் பெட்டியை அசரேல் தாடைக்கிட்ட வச்சு உலுக்குறான். தங்கமாக் கொட்டுது. "இன்னும் வேணுமா மகனே?"

"இன்னும்!"

தீர்சாள் உள்ள பாய்ஞ்சு ஒரு அப்பத்தைப் பிட்டு அவன் வாயில வச்சா. மென்னான், முழுங்கினான். "போ... போ... இன்னும்!" சல்மூத் கைகொட்டிச் சிரிச்சான். இன்னொரு அப்பம். "போ... போ... இன்னும்!" மரம் தாடையைத் தொட்டுடுச்சு. இன்னொரு அப்பம். "போ... இன்னும்!" சுட்ட அப்பம் எல்லாம் தீர்ந்து போச்சு. தீர்சாள் வெறுங்கையோட நின்னா.

அப்ப மில்காள் முன்னாடி வந்தா. அவ கையில ஒரு சின்ன அப்பம், துணியில சுத்தி வச்சிருந்தது. அதை அவன் வாய்கிட்ட நீட்டினா. பக்கத்துல அவ பொண்ணு. அந்தக் குழந்தை அப்பத்தையே பாத்துக்கிட்டு எச்சி முழுங்குச்சு.

அசரேல் அதைப் பாத்தான். வாயை மூடிக்கிட்டான். மெதுவாக் கேட்டான், "அக்கா, இது யாரு பங்கு?"

"எம்பொண்ணு பங்கு. பரவாயில்ல, நீ சாப்பிடு தம்பி."

"அன்னிக்கு நான் உங்களை என்ன பேச்சுப் பேசினேன்..."

"பேசினதான். எனக்கு இன்னும் கோவம் ஆறல. அதுக்காகப் பசிக்குதுன்னு சொல்றவனுக்கு அப்பம் இல்லைன்னு சொல்லிடுவேனா?"

அசரேல் விம்மி விம்மி அழுதான். சல்மூத் பெட்டியைத் தலைக்கு மேல தூக்கிக் கொட்டுறான், வைரம், மரகதம், நாடு நகரம் எல்லாம் தர்றேன்னு அலறுறான். அசரேல் அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பல. குழந்தையைப் பாத்துக்கிட்டே சொன்னான்:

"அவளுக்குக் கொடுங்க அக்கா. எனக்குப் போதும்."

படார்! பெட்டி சுக்குநூறா வெடிச்சுது! மாளிகை பதராப் போய்க் காத்துல பறந்துச்சு. பழைய வீடு பழைய இடத்துல நின்னுச்சு. அசரேல் கழுத்து அசைஞ்சுது, கை வந்துச்சு, கால் வந்துச்சு! தீர்சாள் அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "இனிமே திரும்பிப் பாப்பீங்களா? பாப்பீங்களா?"ன்னு முதுகுல ரெண்டு வச்சா. அப்புறம் அவ அழுதா, அவனும் அழுதான்.

பெட்டியில இருந்த முகமெல்லாம் ஆளுங்களா எழுந்து நின்னுச்சு. தாடிக்காரன், கிரீடம் வச்சவன், மூக்குத்திக்காரி, கொட்டாவி விட்டுக்கிட்டு, இது எந்த ஊருன்னு முழிச்சாங்க. சல்மூத்? அவன் வெள்ளை அங்கி சாம்பலாப் போச்சு, கோல் விறகாப் போச்சு. எலும்பும் தோலுமா ஒரு கிழவன் தரையில கெடந்தான். அந்தப் பெட்டிக்கு முதல் சொந்தக்காரனே அவன்தான்! எத்தனை காலமா சாப்பிடலையோ பாவி.

"அடிங்கடா அவனை!"ன்னு முதல்ல கையை ஓங்கினது யாரு? வெடிச்ச சத்தம் கேட்டு ஊரோட ஓடி வந்த நம்ம கெமுவேல்தான்! காத்து திரும்பிடுச்சுல்ல. தீர்சாள் குறுக்க வந்தா. "அடிக்கிறதுன்னா அவன் சாப்பிட்ட பிறகு அடிங்க மாமா. பசியோட இருக்கிறவனை எங்க வீட்ல அடிக்கிற வழக்கமில்ல." சாப்பாடு போட்டாங்க. அன்னிக்கும் "இன்னும்"னான், மறுநாளும் "இன்னும்"னான். ஒரு நாள் அவனே தட்டைப் பாதியில நிறுத்தி, மிச்சத்தைக் குருவிக்குத் தள்ளி விட்டான். அதுக்கப்புறம் அவனை அடிக்க யாருக்கும் மனசு வரல.

கெமுவேலுக்கு மட்டும் ஒரு ஆதங்கம். "தங்கக்கதவு போச்சே தீர்சா, வந்த ஆசீர்வாதத்தைக் கோட்டை விட்டுட்டீங்களே!"

"ஆண்டவர் கொடுத்தா நான் ஏன் மாமா அழணும்? அந்தப் பெட்டி வீட்டுக்குள்ள வந்ததுலேருந்து நான் அழாத பொழுதில்ல. இப்ப என்னைப் பாருங்க, சிரிக்கிறேனா இல்லையா?"

அப்புறம் என்ன ஆச்சுன்னா, நல்லாத்தான் ஆச்சு. பெட்டியிலேருந்து வந்தவங்கள்ல தாடிக்காரனுக்குக் கெணறு வெட்டத் தெரியும், மூக்குத்திக்காரிக்குத் திராட்சைக்கொடியை ஒட்டுக்கட்டத் தெரியும். கிரீடம் வச்சவனுக்கு ஒண்ணும் தெரியாது, மண்ணு சுமந்தான். மழை வேணுங்கிறப்ப பெஞ்சுது. கதிர் ஒண்ணு நூறா விளைஞ்சுது, திராட்சைத்தோட்டம் தழைஞ்சுது, தீர்சாளுக்குப் பொண்ணு பொறந்துச்சு, அப்பன் மூக்கு அப்படியே அதுக்கு. அசரேல் நெசமான பணக்காரன் ஆனான். கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கினான், பாடிக்கிட்டே எழுந்தான்.

ஆனா விளைச்சல் ஏற ஏற அவனுக்கு ஒரு புதுக் கவலை வந்துச்சு. இத்தனை விளையுது, மூலை நாலே நாலுதான் இருக்குது! மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய் நேரா இருந்த வரப்பை வெட்டிக் கோணலும் மாணலுமாப் போட்டான். நாலு மூலை எட்டாச்சு. அடுத்த வருஷம் அதுவும் பத்தலேன்னு இன்னும் வெட்டினான். ஊரே பாத்துச் சிரிச்சுது, அப்புறம் ஊரும் மண்வெட்டியைத் தூக்குச்சு. சாரோவா நாட்டுல இப்பவும் ஒரு வயலாவது சதுரமா இருக்காது. அங்க போனீங்கன்னா பசியோட போங்க, ஏதாவது ஒரு மூலையில உங்களுக்கும் கதிர் நிக்கும்.